தபாலில் போன தள்ளுபடி

அமெரிக்கக் கடைகளில் மின்னணுப் பொருள்களுக்குத் 'தபால் வழித் தள்ளுபடி' என்றொரு முறை உண்டு. முழு விலையையும் கொடுத்து வாங்கிவிட்டு, ரசீதையும் பெட்டியிலிருந்து வெட்டியெடுத்த பார்கோடையும் படிவத்தோடு தபாலில் அனுப்பினால், சில வாரங்களில் காசோலை வரும் என்பார்கள். சிலருக்கு வந்து சேருவதோ 'நிராகரிக்கப்பட்டது' என்ற கடிதம்தான்.

இதை ஏதோ தபால் கோளாறு என்று நாம் கடந்துபோக முடியாது. ஒரு பகுதியினர் அனுப்பவே மறப்பார்கள், அனுப்புவோரிலும் சிலர் கெடுவைத் தவறவிடுவார்கள் என்ற கணக்கின் மீதே இந்தச் சலுகை நிற்கிறது. விளம்பரத்தில் மட்டும் தள்ளுபடி போக மீதி விலை பெரிய எழுத்தில்! பார்கோடு வெட்டிய பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரரும் வாங்க மாட்டார்.

2005இல் காம்ப்யுஎஸ்ஏ என்ற கடை நிறுவனத்தின் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. க்யூபிஎஸ் நிறுவனப் பொருள்களுக்கான தள்ளுபடி ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தும் அதை விளம்பரப்படுத்தி வந்தது என்பது குற்றச்சாட்டு. தயாரிப்பாளரைக் கைகாட்டிவிட்டுக் கடை ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது.

ஆகவே நிராகரிப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். நகல்களை இணைத்துத் தயாரிப்பாளருக்கும் கடைக்கும் சேர்த்தே எழுதலாம். அசையாவிட்டால் ஆணையத்திடமும் மாநில அட்டர்னி ஜெனரலிடமும் புகார் செய்யலாம். நகல் எடுக்காமல் அனுப்பியவர் பாடுதான் திண்டாட்டம். பார்கோடு போன உறையிலேயே அவருடைய ஆதாரமும் போய்விட்டது.