ராஸ் ஆட்டத்தையும் பயிலுங்கள்

போக்கர் என்றாலே டெக்ஸாஸ் ஹோல்டெம்தான் என்று உலகம் கருதத் தொடங்கிவிட்ட இந்நாளில், ஸ்டட் வகையைச் சேர்ந்த ‘ராஸ்’ என்னும் ஆட்டத்தையும் சீட்டாட்டப் பிரியர்கள் சிரத்தையுடன் பயில வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம். ஆளுக்கு ஏழு சீட்டு. மூன்று கவிழ்ந்தும் நான்கு திறந்தும் கிடக்க, அவற்றுள் மிகத் தாழ்ந்த ஐந்தைச் சேர்த்தவருக்கே ஜயம். ராஜாவும் ராணியும் இங்கே வெறும் பாரம். ஏஸ், 2, 3, 4, 5 என்பதே உத்தமமான கை. ஜோடி சேர்ந்தால் கை கெடுமாதலால், தம்மிடமுள்ள 3-க்கு ஜோடியாகக்கூடிய மற்ற 3-கள் எதிராளிகளின் முன் திறந்து கிடந்தால் அது அனுகூலம். அவர்கள் ஆட்டத்தை விட்டு விலகி அச்சீட்டுகள் மறைந்த பின்னரும் அவற்றை ஞாபகத்தில் வைத்திருப்பதிலேதான் இவ்வாட்டத்தின் சாமர்த்தியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இத்தகைய ஞாபகப் பயிற்சியை ஹோல்டெம் அளிப்பதில்லை. பணம் வையாமல், புளியங்கொட்டைகளை வைத்தே விளையாடிப் பாருங்கள்.