சராசரிகளைக் கூட்டி இரண்டால் வகுக்கலாமா?



சென்ற ஆண்டு எங்கள் சபையின் ஆண்டறிக்கையை வாசிக்கையில் நான் ஒரு பிழை செய்தேன். ஞாயிறு பள்ளித் தேர்வில் சிறுவர் பிரிவின் சராசரி மதிப்பெண் 60, மேல்பிரிவின் சராசரி 80. ஆகவே நம் பிள்ளைகளின் பொதுச் சராசரி 70 என்று மிகுந்த மகிழ்ச்சியோடு அறிவித்தேன். ஆராதனை முடிந்தபின், வங்கித் தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு வாலிப மகள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். “பாஸ்டர் ஐயா, சிறுவர் பிரிவில் 40 பேர், மேல்பிரிவில் 10 பேர்தானே? அப்படியானால் 64 அல்லவா வரும்?” என்றாள்.

கணக்கிட்டுப் பார்த்தேன். 40 பேருக்கு 60 வீதம் 2,400. 10 பேருக்கு 80 வீதம் 800. மொத்தம் 3,200, அதை 50 பேருக்கு வகுத்தால் 64தான். அவள் இதை உடனே கண்டுபிடித்ததற்குக் காரணம் உண்டு. முந்தின ஆண்டு முதல்நிலைத் தேர்வில் இதே வகையான கணக்கில் இதே தவற்றைச் செய்து, அரை மதிப்பெண்ணில் வாய்ப்பை இழந்தவள் அவள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் பிடித்தம். ஆக அந்த ஒரு கணக்கு அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றேகால். மும்பையில் அதிகாலையில் எழுந்து இட்லி விற்று அவளைப் படிக்கவைத்த தகப்பனுக்கு இதை விளக்கிச் சொல்ல அவளால் இயலவில்லை.

வங்கி எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் எண்கணிதப் பகுதிக்கு 35 வினாக்கள், 20 நிமிடங்கள். ஒரு வினாவுக்கு 35 விநாடிகூட இல்லை. அந்த அவசரத்தில் இரண்டு சராசரிகளைக் கண்டவுடன் கை தானாகவே அவற்றைக் கூட்டி இரண்டால் வகுக்கிறது. வினா தயாரிப்பவர்களும் இதை அறிவார்கள். அந்தத் தவறான எண்ணையே நான்கைந்து விடைகளுள் ஒன்றாகப் பெரும்பாலும் வைத்திருப்பார்கள்.

இதற்கு எடையிட்ட சராசரி என்று பெயர்; வினாத்தாளில் வெய்ட்டட் ஆவரேஜ் என்று வரும். பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். உங்கள் வீட்டுப் பழைய நகைகளை நினைத்துக்கொள்ளுங்கள். 22 காரட்டில் 6 கிராம், 18 காரட்டில் 2 கிராம். இரண்டையும் உருக்கி ஒரு பவுனாக்கினால் என்ன காரட்? 20 என்பாரிடம் உங்கள் நகையைக் கொடாதிருங்கள். 6 பெருக்கல் 22, 132. 2 பெருக்கல் 18, 36. மொத்தம் 168, அதை 8 கிராமால் வகுத்தால் 21 காரட். பாஸ்கராச்சாரியர் 1150ஆம் ஆண்டில் எழுதிய லீலாவதியில் தங்கக் கலவைக்கென்றே தனிப்பகுதி உண்டு. அதில் கூறப்படும் விதி இதுவே. பத்தரை மாற்று என்று பேசிய நம் முன்னோருக்கும் இது புதிதல்ல.

விடை இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்க வேண்டும். எந்தப் பக்கம் எடை அதிகமோ அந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மேலே 21 என்பது 22க்கு அருகில் இருப்பதைக் கவனியுங்கள். கணக்கிடுமுன் இதை மனதில் கொண்டாலே தவறான விடைகளில் இரண்டு மூன்று விலகிப்போகும்.

பயிற்சி நிலையங்களில் அலிகேஷன் என்ற குறுக்குவழியைக் கற்றுக்கொடுக்கிறார்கள். மாணவர் சராசரி 62, மாணவியர் சராசரி 72, வகுப்பின் சராசரி 66 என்றால், மாணவர் மாணவியர் விகிதம் என்ன? 66இலிருந்து 62க்குத் தூரம் 4. 72க்குத் தூரம் 6. தூரங்களை இடம் மாற்றிப் போடுங்கள்: மாணவர் 6, மாணவியர் 4, அதாவது 3:2. நல்ல வழிதான். ஆயினும் மொத்தத்தைக் கண்டுபிடிக்கப் பழகுமுன் இதைக் கற்றுக்கொடுப்பது எனக்கு உடன்பாடன்று. எந்த எண் எங்கே மாறிப் போகிறது என்பதைப் பிள்ளை மனப்பாடம் செய்கிறது. தேர்வறையில் அதுவே தலைகீழாகிவிடுகிறது. மாணவர் அதிகமாய் இருப்பதால்தான் 66 என்பது 62ஐ நோக்கிச் சாய்ந்தது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் விகிதம் தலைகீழாகாது.

இனி, நன்றாய்ப் படிக்கிற பிள்ளைகளும் விழுகிற இடத்தைச் சொல்லுகிறேன். எடை எது என்பதே அது. ஒருவர் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, அதே வழியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறார். சராசரி வேகம் என்ன? தூரம் இரண்டும் சமந்தானே, ஆகவே 50 என்று தோன்றும். ஆனால் வேகத்துக்கு எடை தூரமல்ல, நேரம். ஒரு வழித் தூரத்தை 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக 2 மணி, வர 3 மணி. 240ஐ 5ஆல் வகுத்தால் 48. மெதுவாய் வந்த வேகமே அதிக நேரம் நீடித்தது; ஆகவே விடை அதன் பக்கம் சாய்கிறது.

வியாபாரக் கணக்கிலும் அப்படியே. இரண்டு பொருள்களைத் தலா 990 ரூபாய்க்கு விற்றதில் ஒன்றில் 10 சதவீத இலாபம், மற்றதில் 10 சதவீத நஷ்டம். இலாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று எண்ணாதேயுங்கள். இலாப நஷ்ட சதவீதத்துக்கு எடை வாங்கிய விலை. முதற்பொருளை வாங்கியது 900க்கு, அடுத்ததை 1,100க்கு. 2,000 கொடுத்து வாங்கியது 1,980க்குப் போயிற்று. ஒரு சதவீத நஷ்டம்.

ஆகையால் கணக்கை வாசித்தவுடன் உங்கள் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “இது எதற்கு எத்தனை?” ஓர் ஆளுக்கு எத்தனை மதிப்பெண் என்றால் எடை ஆட்கள். ஒரு மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்றால் எடை மணி. ஒரு கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்றால் எடை கிலோ. அந்தக் கேள்விக்கு 5 விநாடி செலவழித்தால் நஷ்டமில்லை.

அந்த மகள் இப்போது சனிக்கிழமை மாலைகளில் சபை மண்டபத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கிறாள். தானும் மீண்டும் எழுதப்போகிறாள். போன வாரம் கரும்பலகையில் அவள் எழுதிப்போட்ட கணக்கை உங்களுக்கும் தருகிறேன். ஓர் அலுவலகத்தில் 30 பேர். அனைவரின் சராசரிச் சம்பளம் 18,000 ரூபாய். எழுத்தர்களின் சராசரி 15,000, அதிகாரிகளின் சராசரி 30,000. அதிகாரிகள் எத்தனை பேர்? விடையை அடுத்த இதழில் தருகிறேன். உங்களுக்கு 24 என்று வந்தால், விகிதத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள்.