லாட் நம்பர் எங்கே?

சுங்குவார்சத்திரம் ஹாஸ்டல் ஒன்றிலிருந்து ஒரு கடிதம். நோட்டில் கிழித்த தாள், ஓரத்தில் சாம்பார்க் கறை. "அக்கா, எனக்கு 20 வயசு. செல்போன் கம்பெனியில செக்கிங்ல இருக்கேன். மார்பு பெரிசாக்குற ஆபரேஷன் எத்தனை வகை? ஸ்டான்லியில இலவசம்னு ரூம்ல ஒருத்தி சொல்றா, நிஜமா? பேர் போட்டுடாதீங்க."

பேர் போடவில்லை, தங்கச்சி. ரூம்காரி சொன்னதும் கதையில்லை. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் இதற்கென்றே இலவச சிகிச்சையை அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் தொடங்கிவைத்தார். ஏழைக்கு மட்டும் அழகு வேண்டாமா என்பது அவர் வாதம். உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்று எதிர்க்குரலும் வந்தது. புற்றுநோயில் மார்பை இழந்தவர்களுக்கும், ஒரு பக்கம் பெரிதாக இன்னொரு பக்கம் சிறிதாக வளர்ந்தவர்களுக்கும், பாரம் தாங்காமல் தோள் வலிக்கிறது, குறைத்துவிடுங்கள் என்று வருகிறவர்களுக்கும் இந்த வாசல் தேவைதான். இன்றைய நிலவரத்தை அந்தத் துறையின் ஓ.பி.யில் நேரே கேட்டுக்கொள்.

வழி இரண்டு. ஒன்று, சிலிக்கான் பை. உள்ளே ஜெல் இருக்கும், அல்லது உப்புநீர். மார்புக்குக் கீழ் மடிப்பிலோ, காம்பைச் சுற்றியோ, அக்குளிலோ கீறி, தசைக்கு மேலே அல்லது அடியில் வைப்பார்கள். மற்றது, வயிறு, தொடையிலிருந்து உறிஞ்சிய உன் சொந்தக் கொழுப்பு. அதில் ஒரு பங்கை உடம்பே கரைத்துவிடும். ஒல்லியான பெண்ணுக்கு எடுக்கக் கொழுப்பே போதாமலும் போகலாம்.

ஜெல் பையை முதன்முதலில் வைத்துக்கொண்டவர் டிம்மி ஜீன் லின்ட்சி, 1962இல், அமெரிக்காவின் ஹூஸ்டனில். பச்சை குத்தியதை அழிக்கப் போனவரிடம் டாக்டர்கள் இந்தப் பையை வைத்துக்கொள்கிறாயா என்று கேட்க, எனக்குக் காதைத்தான் சரிசெய்யணும் என்றாராம். இரண்டும் செய்தார்கள்.

இனி உன் செக்கிங் மூளைக்கு வேலை. இந்தப் பை ஆயுசுக்கும் வருவதில்லை; மாற்றவோ எடுக்கவோ மறுபடி கத்தி வைக்க நேரலாம். சுற்றிலும் தழும்பு இறுகி மார்பு கல்லாகலாம். உணர்ச்சி குறையலாம், பிற்பாடு தாய்ப்பால் கொடுப்பதில் சிக்கல் வரலாம். அழகுக்காக ஜெல் பை வைக்க அமெரிக்க மருந்துத்துறை போட்டிருக்கும் வயது 22. உனக்கு 20. கையைத் தூக்கி, பாரம் தூக்கிச் செய்யும் வேலைக்குச் சில வாரம் போக முடியாது. அந்த லீவுக்குச் சம்பளம் உண்டா என்பதையும் கணக்கில் சேர்.

பையோடு ஒரு ஸ்டிக்கர் வரும்: கம்பெனி, மாடல், லாட் நம்பர். அதைக் கேட்டு வாங்கி பத்திரப்படுத்து. பிரான்சின் பி.ஐ.பி. கம்பெனி மலிவான தொழிற்சாலை சிலிக்கானை அடைத்து விற்றது 2010இல் அம்பலமானது; முதலாளிக்கு நான்காண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். 2019 ஜூலையில் அலர்கன் தன் சொரசொரப்பான பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது, அரிய வகைப் புற்றுநோய் ஒன்றோடு தொடர்பு தெரிந்ததால். அப்போதெல்லாம், தனக்குள் இருப்பது எது என்று ஒரு பெண்ணுக்குச் சொன்னது அந்தத் துண்டுச்சீட்டுதான். ஒரு போர்டு லாட் நம்பர் இல்லாமல் வந்தால் நீ பாஸ் பண்ணுவாயா?

டாக்டருக்கு பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. இருக்கிறதா என்று பார். அழகு நிலையத்துக்காரர் சொல்லும் "சின்ன ஊசி" பக்கம் போகாதே. பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் க்ரீம், லேகியம், மாத்திரை? பெண்ணின் மார்பு வடிவத்தை மாற்றும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எழுபது வருஷமாகப் போஸ்டர் மட்டும் புதுசு புதுசாக வருகிறது.

கடிதத்தின் கடைசி வரியை அடித்துவிட்டிருக்கிறாய். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மன்னித்துக்கொள். "பொண்ணு பார்க்க வந்தவங்க" என்பதுவரை தெரிகிறது. மீதியை எழுதி அனுப்பு. கவரின் மேல் "அக்காவுக்கு மட்டும்" என்று போடு, நானே பிரிக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்