பூப்பைக் கொண்டாடும் சமூகம் கருப்பையைப் பற்றிப் பேச மறுப்பதேன்?

யேர்மனியில் வாழும் தமிழ்ப் பெற்றோர், மகள் பூப்பெய்தியதும் மண்டபம் பிடிக்கின்றனர். அழைப்பிதழ் அச்சிடப்படுகின்றது, குதிரை வண்டி வருகின்றது, வீடியோ எடுப்பவருக்குப் பல மாதங்களுக்கு முன்பே முற்பணம் கொடுக்கப்படுகின்றது. மகளின் உடலில் நிகழ்ந்த மாற்றத்தை முந்நூறு பேருக்கு அறிவிப்பதில் எவருக்கும் வெட்கமில்லை. அதே மகளின் மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகத்தில் எச்.பி.வி. தடுப்பூசி பதியப்பட்டுள்ளதா என்று வினவினால் மட்டும் வெட்கம் எங்கிருந்தோ வந்துவிடுகின்றது. "அது அந்த மாதிரி நோய்க்கான ஊசி, எங்கள் பிள்ளைக்கு எதற்கு?" என்பதே பலரது விடை.

அந்த ஊசிக்கு வழிவகுத்த கண்டுபிடிப்பு நிகழ்ந்ததே யேர்மனிய மண்ணில்தான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு மனிதப் பாப்பிலோமா வைரசே காரணம் என்று, பலர் நம்ப மறுத்த காலத்தில், ஹரால்ட் சுர் ஹௌசன் வாதிட்டார். 1983இல் அவ்வைரசின் 16ஆம் வகையும் 1984இல் 18ஆம் வகையும் அவரது ஆய்வுக் குழுவினால் இனங்காணப்பட்டன. ஹைடல்பேர்க் புற்றுநோய் ஆய்வு மையத்தை நீண்ட காலம் வழிநடத்திய அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசியின் பயன் இன்று வெறும் ஊகமன்று. இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி பெற்ற பெண்களிடையே இப்புற்றுநோய் ஏறத்தாழ 87 விழுக்காடு குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. யேர்மனியிலோ இன்னும் ஆண்டுதோறும் 4,000க்கு மேற்பட்ட பெண்கள் இந்நோய்க்கு ஆளாகின்றனர்.

யேர்மனியின் தடுப்பூசி ஆணைக்குழு 2007 முதல் பெண் பிள்ளைகளுக்கு இதனைப் பரிந்துரைத்து வருகின்றது. 9 முதல் 14 வயதுக்குள் தொடங்கினால் இரண்டு ஊசிகள் போதும், பிந்தினால் மூன்று. 18ஆவது பிறந்தநாள் வரை செலவைச் சட்டபூர்வ மருத்துவக் காப்புறுதி ஏற்கின்றது. ஆயினும் 15 வயதுச் சிறுமியருள் முழுமையாக ஊசி பெற்றோர் பாதியைச் சற்றே தாண்டுகின்றனர், அவ்வளவுதான். பொதுவாக இங்கு பாடசாலையில் ஊசி போடப்படுவதில்லை. பெற்றோரே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அதாவது பெற்றோரின் வெட்கமே பிள்ளையின் விதியாகின்றது. இலங்கையில் 2017 முதல் 6ஆம் வகுப்பு மாணவியருக்குப் பாடசாலை மூலமாகவே இத்தடுப்பூசி வழங்கப்படுகின்றது. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் படிக்கும் ஒன்றுவிட்ட தங்கைக்குக் கிடைத்த பாதுகாப்பு, டோட்முண்டில் பிறந்த அக்காளுக்குக் கிடைக்கவில்லையெனில் அதனை எவ்வாறு விளக்குவது? கணினிக்கு வைரசுத் தடுப்பு மென்பொருளை ஆண்டுதோறும் தவறாது புதுப்பிக்கும் தந்தையரும் இச்சமூகத்தில்தான் உள்ளனர்.

"ஒழுக்கமாக வளர்க்கின்றோம், எங்கள் பிள்ளைக்கு வராது" என்னும் வாதம் கேட்க இனிமையானது; ஆனால் பொய். ஒரேயொரு துணையிடமிருந்தும் இத்தொற்று வரலாம். அத்துணை தாலி கட்டிய கணவனாகவும் இருக்கலாம். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் வெளிக்கொணர்ந்த மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடன் பணியாற்றியோரும், தொற்றுக்குள்ளான தென்னிந்தியப் பெண்களைப் பற்றி 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அப்பெண்களுள் மிகப் பெரும்பாலோர் ஒருவனைத் தவிர வேறு ஆடவனை அறியாதவர்கள். அவர்களது கற்பு அவர்களைக் காக்கவில்லை. இருந்தும் தமிழகப் பேச்சு வழக்கில் பால்வினை நோய்க்குப் 'பொம்பளைச் சீக்கு' என்று பெயர்! நோயைக் கொண்டுவருபவன் ஒருவன், பெயரைச் சுமப்பவள் இன்னொருத்தி.

தாய்மாரின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. நாற்றத்துடன் வெள்ளைபடுதல், அடிவயிற்று வலி, உறவின்போது குருதி கசிதல் ஆகியவற்றை 'சூடு' என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடித்தே ஆண்டுகளைக் கடத்தியவர்கள் எத்தனை பேர்! மருத்துவரிடம் செல்வதாயின் யேர்மன் மொழி தெரிந்த ஒருவர் உடன் வரவேண்டும். மொழிபெயர்ப்பாளர் செலவைக் காப்புறுதி பொதுவாக ஏற்பதில்லை. எனவே பன்னிரண்டு வயது மகனையோ கணவனையோ அழைத்துச் செல்கின்றனர். மகன் முன்னிலையில் எந்தத் தாய் தன் பிறப்புறுப்பின் எரிச்சலைக் கூறுவாள்? "தலையிடி" என்று சொல்லிவிட்டு, தலையிடி மாத்திரையுடன் திரும்பி வருகின்றாள். 2020 முதல் 20 வயதிலிருந்து 65 வயது வரையான பெண்களுக்குக் காப்புறுதி நிறுவனம் ஐந்தாண்டுக்கொரு முறை பரிசோதனைக்கான அழைப்புக் கடிதம் அனுப்புகின்றது. 34 வயது வரை ஆண்டுக்கொரு முறை கருப்பைக் கழுத்துச் செல் பரிசோதனை. 35 முதல் மூன்றாண்டுக்கொரு முறை வைரசுப் பரிசோதனையும் சேர்த்து. தடுப்பூசி பெற்றவர்களுக்கும் இது தேவையே. அக்கடிதம் யேர்மன் மொழியில் வருவதால் விளம்பரத் தாள்களுடன் குப்பைக்குப் போகின்றது. மின்சாரக் கட்டணக் கடிதத்தை மட்டும் எப்படியோ எல்லோரும் வாசித்துவிடுகின்றனர்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளம்பெண்களுக்குக் கிளமிடியா பற்றி வீட்டில் எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பெரும்பாலான பெண்களில் அது எந்த அறிகுறியையும் காட்டாது. கவனியாதுவிட்டால் கருக்குழாய்களைச் சேதப்படுத்திக் குழந்தைப்பேற்றையே தடுக்கக்கூடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தினால் குணமாகிவிடும் நோய் இது. துணையும் சேர்ந்து மருந்து எடுக்காவிடில் மீண்டும் தொற்றும். 25 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 2008 முதல் ஆண்டுக்கொரு முறை சிறுநீர்ப் பரிசோதனை இலவசம். மருத்துவர் இதனை வேறெவரிடமும் வெளியிட முடியாது. இரகசியம் காப்பது அவரது சட்டக் கடமை. விடயத்தை விளங்கும் முதிர்ச்சியுள்ள இளையோராயின், தாய் தந்தையருக்கும் அவர்களது இசைவின்றிச் சொல்லலாகாது.

மகன்களைப் பெற்றோர் இதுவரை வாசித்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பின் அதுவும் தவறு. 2018 முதல் ஆண் பிள்ளைகளுக்கும் அதே வயதில் அதே ஊசி பரிந்துரைக்கப்படுகின்றது; அதற்கும் காப்புறுதியே பணம் செலுத்துகின்றது. 12 முதல் 14 வயதுக்குரிய இளையோர் பொதுப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் நாளிலேயே மஞ்சள் புத்தகத்தையும் கையில் கொடுத்துவிட்டால், மருத்துவர் மிகுதியைப் பார்த்துக்கொள்வார்.