வாசலோடு ஒரு நலம் விசாரிப்பு



ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வீடு திரும்பினார் என்று கேள்விப்பட்டால், மறுநாளே ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவது நம் வழக்கம். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்து வந்தவர் வீட்டுக்கு மட்டும் தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள்.

பலரும் நினைப்பதுபோல் இது ஆபரேஷன் இல்லை. கடுமையான கீமோ கொடுத்துப் பழைய எலும்பு மஜ்ஜையை அழித்துவிட்டு, ரத்தம் ஏற்றுவதுபோலவே ஒரு பையிலிருந்து புதிய செல்களை ஏற்றுகிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதலே இந்த சிகிச்சை நடக்கிறது. இரண்டு, மூன்று வாரங்களில் புது செல்கள் மஜ்ஜையில் பிடித்து, வெள்ளணுக்கள் ஏறத் தொடங்கும். ஆனால் நோய் எதிர்ப்பு சக்தி முழுதாகத் திரும்ப ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன்கூடக் கரைந்துபோகும். சுமார் 6 மாதம் கழித்து அவற்றை ஒவ்வொன்றாக மறுபடி போட ஆரம்பிப்பார்கள். தட்டம்மை ஊசிக்குக் குறைந்தது 2 வருடம் காத்திருக்க வேண்டும். நாற்பது வயது அப்பாவுக்கும் நாலு வயது மகளுக்கும் ஆளுக்கொரு தடுப்பூசி அட்டை இருக்கும் வீடு அது.

அந்த வீட்டில் துளசிச் செடி மொட்டை மாடிக்குப் போயிருக்கும். மண்ணில் பூஞ்சை இருக்குமே! மனைவி பூ வைத்துக்கொண்டு அவர் அறைக்குள் போவதில்லை. பச்சைக் காய்கறிப் பச்சடி கிடையாது, அரைத்து வைத்த தேங்காய்ச் சட்னி கிடையாது, ஆவி பறக்கும் இட்லி மட்டும் உண்டு. பப்ளிமாஸ் கூடாது, புது செல்கள் உடம்பைத் தாக்காமலிருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மாத்திரையின் அளவை அது ரத்தத்தில் கூட்டிவிடும். எதைச் சாப்பிடலாம் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும் என்பதால், வந்தவர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொல்லாமலிருப்பதே உபகாரம்.

இத்தனையும் பார்த்துப் பார்த்துச் சமைத்த சாம்பாரை அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, “இரும்பு மாதிரி இருக்கு” என்று தள்ளிவிடுவார். நாக்கின் ருசி அப்படி மாறிப்போயிருக்கும். குளித்துவிட்டு வந்தாலே படுத்துக்கொள்ளத் தோன்றும். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் முகம் உப்பும், காரணமில்லாமல் கோபம் வரும். அந்தக் கோபம் யார்மேல் விழும் என்று சொல்ல வேண்டுமா? நலம் விசாரிப்பவர்கள் அந்த மனைவியையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

செல் வேறொருவர் கொடுத்ததென்றால் அவரையும்தான். கூடப்பிறந்த ஒருவருடையது முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். பொருந்திய தங்கைக்கு, “இனிமே உனக்கும் என் குரூப் ரத்தம்தான்டா அண்ணா” என்று கிண்டல் செய்ய உரிமை உண்டு. ரத்தப் பிரிவு வேறாக இருந்தால், சில மாதங்களில் அது உண்மையாகவே கொடுத்தவருடையதாக மாறிவிடும். ஆனால் அண்ணன் உடம்பில் தோல் சிவந்தாலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ, ‘என் செல்தான் அவனைப் படுத்துகிறது’ என்று தனியாக மருகுபவளும் அவள்தான். அது அவள் குற்றமில்லை என்பதை யாராவது அவளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

உதவ நினைப்பவர்கள் பிள்ளையைப் பள்ளியில் விட்டு வரலாம், கரண்ட் பில் கட்டலாம், செக்கப்புக்குக் காரில் அழைத்துப் போகலாம். சளி, இருமல் இருந்தால் வாசல்வரைகூட வேண்டாம். போன் போடுங்கள். எடுக்கவில்லையென்றால் தூங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்