தானாகப் பூட்டும் கதவும் மும்பை மழையும்

கார் ஒரு குறிப்பிட்ட வேகத்தை எட்டியதும் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்கின்றன. 'டக்' என்றோர் ஓசை. அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியபோது, நீரில் நின்றுபோன கார்களுக்குள்ளேயே சிலர் மாண்டனர். 2017 ஆகஸ்ட் 29 மழையிலும், தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் அண்டையிலுள்ள சயானில், கண்ணாடிகள் ஏற்றப்பட்ட காருக்குள் ஓர் இளம் வழக்கறிஞரின் உயிர் பிரிந்தது.

பழி முழுவதையும் பூட்டின்மேல் போடுவது நேர்மையாகாது. உள்ளே நீர் புகாத நிலையில் ஒரு மீட்டர் அகலக் கதவின்மேல் வெளியே 60 செ.மீ. நீர் ஏறினால், அதன் அழுத்தம் ஏறக்குறைய 180 கிலோ எடைக்கு ஈடாகும்; பூட்டாத கதவும் எளிதில் திறவாது. ஆயினும் நீர் ஏறுவதற்கு முந்தைய சில நிமிடங்களே உயிரைத் தீர்மானிப்பவை. அந்நிமிடங்களைப் பூட்டுடன் போராடிக் கழிக்க நேர்வதுதான் கொடுமை.

தானியங்கிப் பூட்டு இரண்டு அச்சங்களிலிருந்து பிறந்தது: ஓடும் காரில் கதவு திறந்துகொள்ளும் என்பது ஒன்று, சிக்னலில் வெளியாள் திறந்துவிடுவான் என்பது மற்றொன்று. மோதல் நேர்ந்தால் பூட்டைத் தானே விடுவிக்கும் ஏற்பாடு பல கார்களில் உண்டு. வெள்ளமோ மோதுவதில்லை, மெல்ல ஏறுகிறது. காரின் கணக்கில் அது விபத்தே அன்று. மின்சுற்று நனைந்த பின்னர் விடுவிக்கச் சொல்லும் கட்டளையும் பூட்டைச் சென்றடையாமல் போகலாம்.

2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் மையப் பூட்டைக் கையால் விடுவிக்கும் வசதி கட்டாயமாக்கப்பட்டது. நல்ல விதி, ஆனால் அது எங்கிருக்கிறது, கைப்பிடியை ஒருமுறை இழுக்க வேண்டுமா, இருமுறையா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். விளக்கும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில், உறை பிரியாமல் டாஷ்போர்டுக்குள் உறங்குகிறது. செம்பூரில் காரை வாங்குபவர் ஒருவர், தாராவியிலிருந்து வந்து அதை ஓட்டுபவர் வேறொருவர். அமைப்புகளை மாற்றும் உரிமை முன்னவருக்கு. நீருக்குள் அமர்ந்திருப்பவர் பின்னவர்.

ஆகவே வேகப் பூட்டை மழைக்காலத்தில் அணைத்துவைப்பதா என்பது உரிமையாளரின் சொந்த விருப்பம் மட்டுமன்று. பின்னிருக்கையில் குழந்தை அமரும் காரில் அணைப்பதற்குத் தயக்கம் நியாயமே. ரிமோட் சாவியின் முதல் அழுத்தத்துக்கு ஓட்டுநர் கதவு மட்டும் திறக்கும் அமைப்பை, எல்லாக் கதவுகளும் திறக்குமாறு மாற்றுவதில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. வெளியே நின்று மீட்பவருக்கு இரண்டாம் அழுத்தம் நினைவுக்கு வராது. சாவியை ஒப்படைக்கும் விற்பனையாளர், கையால் திறக்கும் முறையை ஓட்டுநரின் மொழியிலேயே செய்து காட்டுவதையும் விதியாக்க வேண்டும்.

2005-க்குப் பின் காரில் சுத்தியல் வைத்துக்கொள்ளும் வழக்கம் மும்பையில் பரவியது. பல கார்களில் அது டிக்கியில் கிடக்கிறது.