அஞ்சடிப் பேச்சு: பழைய கணினியும் பென்குயின் பறவையும்

 

பிரிக்பீல்ட்ஸ் அஞ்சடியில் உட்கார்ந்து, தே தாரிக்கை ஆற்றிக் குடித்துக்கொண்டே உங்கள் கடிதங்களைப் பிரிப்பதுதான் என்னுடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. மாமியார் மருமகள் வழக்கு, மகளுக்கு வரன், மகனுக்கு வேலை என்றுதான் பெரும்பாலும் வரும். அதற்கெல்லாம் ஏதோ எனக்குத் தெரிந்ததைச் சொல்லிச் சமாளித்துவிடுவேன். போன மாதம் கிள்ளானிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் என்னை விழிக்க வைத்துவிட்டது.

அந்த அம்மா தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி வளர்ந்தவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியான பிறகு, அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்து, ஒரு பள்ளிக் கேண்டீனில் வேலை செய்கிறார். மகன் இரண்டாம் படிவம். அவனுக்காக 600 வெள்ளிக்கு ஒரு பழைய மடிக்கணினி வாங்கிக் கொடுத்திருக்கிறார். இப்போது கடைக்காரர், "இதிலே புது விண்டோஸ் ஏறாது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள், இரண்டாயிரம் வெள்ளி ஆகும்" என்று சொல்லிவிட்டாராம். மகனோ, கேம் விளையாட முடியாத கணினியே வேண்டாம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறானாம். "அண்ணே, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருந்தார்.

எனக்குக் கணினி பற்றித் தெரிந்தது கைம்மண்ணளவுகூட இல்லை. ஆனால் என் தங்கை மகன் அதிலேயே சோறு தின்கிறவன். கடிதத்தை அவனிடம் நீட்டினேன்.

"மாமா, கடைக்காரர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கார்" என்றான்.

உண்மைப் பாதி இதுதான். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் கொடுத்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. பதிந்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் என்று ஒரு தவணை கொடுத்தார்கள். அடுத்து வந்த விண்டோஸ் 11, 2018-க்கு முன் செய்த பெரும்பாலான கணினிகளை முறைப்படி ஏற்றுக்கொள்வதில்லை. கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் வயது சரியில்லையாம்! பால்வெட்டில் ஐம்பத்தைந்து ஆனதும் "நீ போகலாம்" என்று சொன்ன காலம் எனக்கு நினைவுக்கு வந்தது.

கடைக்காரர் சொல்லாத பாதிக்குப் பெயர் லினக்ஸ்.

அடுத்த ஞாயிறு நானும் தங்கை மகனும் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிக் கிள்ளானுக்குப் போனோம். வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தான். 1991-இல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தன் கணினியை இயக்கத் தானே ஒரு நிரலை எழுதத் தொடங்கினார். பொழுதுபோக்குக்காகச் செய்கிறேன் என்றுதான் மற்றவர்களிடம் அறிவித்தார். எழுதியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று திறந்துவிட்டார். அவருக்கு முன்பே, 1983-இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் இதே கொள்கையோடு குனூ என்ற திட்டத்தை அறிவித்திருந்தார். இரண்டு வேலையும் சேர்ந்தபோது முழுமையான ஓர் இயங்குதளம் கிடைத்தது. அதற்கு அடையாளம் ஒரு குண்டுப் பென்குயின் பறவை.

"ஏழைப்பட்ட சாமானா இது?" என்று கேட்டேன்.

"மாமா, உங்க சட்டைப் பையிலே இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கு உள்ளே இருக்கிறதும் லினக்ஸ்தான். உலகத்திலே மிக வேகமான 500 கணினிகள் என்று ஒரு பட்டியல் போடுறாங்க. 2017 நவம்பர் பட்டியல்லேயே ஐந்நூறும் லினக்ஸ்தான்" என்றான்.

நான் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

எழுதியவனுக்குக் கூலி இல்லாமல் இது எப்படி நடக்கிறது என்றுதான் உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பெரிய நிறுவனங்கள் தங்களுக்கும் பயன்படுவதால் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து எழுத வைக்கின்றன. மீதியைத் தொண்டர்கள் செய்கிறார்கள். நம் கதையிலும் இப்படி ஒன்று உண்டே! 1960-இல் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, நம் மக்கள் லயத்தை விட்டுத் துரத்தப்பட்ட நேரத்தில், துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பணம் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உண்டாக்கினார். தனியாள் ஒருவனால் ஒரு மரம் வாங்க முடியாது. பல்லாயிரம் பேர் சேர்ந்தபோது தோட்டமே வாங்க முடிந்தது. பிரிக்பீல்ட்ஸ் பெரிய சாலைக்கு இன்று அவர் பெயர்தான். கூட்டுறவில் பங்குக்காரனுக்குத்தான் லாபம். லினக்ஸிலோ ஒரு காசு போடாதவனும் எடுத்துக்கொள்ளலாம். இது சரியா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்துக்கும் விடுதலைக்கும் பொது. அதனால் வெள்ளைக்காரர்கள் இதை விளக்கி விளக்கிக் களைத்துப் போனார்களாம். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. தமிழில் இதைக் 'கட்டற்ற மென்பொருள்' என்றுதான் சொல்கிறார்கள்.

வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா வடையும் தேநீரும் வைத்தார். பையன் கதவோரம் நின்றான். முதல் கேள்வியே அவனுடையதுதான்.

"அண்ணா, இதுல வெலோரண்ட் விளையாட முடியுமா?"

"முடியாதுடா தம்பி."

பையன் முகம் வாடிவிட்டது. தங்கை மகன் மறைக்காமல் சொன்னதே எனக்குப் பிடித்தது. காரணத்தையும் சொன்னான். விண்டோஸுக்கென்று எழுதிய கேம்களுக்கு லினக்ஸ் பேசும் மொழி புரியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்க ஒரு நிரல் வேண்டும். 1993-இலேயே அப்படி ஒன்றைத் தொடங்கினார்கள்; அதன் பெயர் வைன். (தாய்மார்கள் பயப்பட வேண்டாம், இது குடிக்கிற வைன் இல்லை, சம்சுவும் இல்லை.) அதை அடிப்படையாக வைத்து, கேம் விற்கும் வால்வ் நிறுவனம் 2018-இல் புரோட்டான் என்பதை வெளியிட்டது. 2022-இல் அந்த நிறுவனம் விற்கத் தொடங்கிய கையடக்க விளையாட்டுக் கருவி முழுக்க லினக்ஸில்தான் ஓடுகிறது. விண்டோஸ் கேம்கள் ஆயிரக்கணக்கில் இப்படி லினக்ஸுக்கு வந்துவிட்டன.

தோட்டத்தில் துரை இங்கிலீஷில் பேசுவார். கிராணி நம்மிடம் தமிழில் சொல்லுவார். புரோட்டான் அந்தக் கிராணிதான். ஆனால் சில துரைமார்கள், 'கிராணியை நடுவில் வைத்துப் பேசமாட்டேன்' என்பார்களே, வெலோரண்ட் அந்த ரகம். ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க அது ஒரு காவற்காரனைக் கணினியின் அடிமட்டம் வரை அனுப்புகிறது. அந்தக் காவற்காரனுக்கு விண்டோஸ் வீடு மட்டும்தான் தெரியும். போர்ட்நைட்டும் அப்படித்தான். டோட்டா 2, கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை கிராணி இல்லாமலே லினக்ஸில் ஓடும். ஆனால் அந்த 600 வெள்ளிக் கணினி அவ்வளவு பாரம் இழுக்காது. அதற்கு லினக்ஸ் என்ன செய்யும், பாவம்!

வேலை தொடங்கியது. முதலில் பையனுடைய பள்ளிப் பாடங்கள், படங்கள் எல்லாவற்றையும் தனியே நகல் எடுத்தான். வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள். பழையதை அழித்துவிட்டால் திரும்பி வராது. பிறகு லினக்ஸ் மின்ட் என்ற வகையை ஏற்றிக் கொண்டு வந்திருந்த பென் டிரைவைச் செருகினான். கணினிக்குள் பதியாமலே, பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடிகிறது. வைபை வருகிறதா, ஒலி கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பதித்தான். நான் இரண்டாவது வடையை முடிப்பதற்குள் வேலை முடிந்தது. செலவு, எங்கள் ரயில் கட்டணம்.

எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ் உண்டு. வேர்டு கோப்புகளைத் திறக்கும். சில நேரம் வரிசை கொஞ்சம் கலைந்து போகும். பள்ளியின் டெலிமா பாடங்கள் இணைய உலாவியில் வருவதால் கவலை இல்லை.

பிறகு பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, 0 ஏ.டி. என்ற கேமைப் போட்டுக் காட்டினான். பழங்காலப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு. 2009-இலிருந்து திறந்த மூலமாக வளர்கிறது. அதில் ரோமானியர், கிரேக்கர்களோடு நம்முடைய மௌரியர் படையும் யானைகளோடு வருகிறது. சின்ன வரைபடத்தில் அந்தப் பழைய கணினியிலும் ஓடியது. பையன் சுவாரசியமில்லாமல்தான் பார்த்தான்.

"யானை ரொம்ப மெதுவா போகுதே" என்றான்.

"அப்படியா? மாத்து" என்றான் தங்கை மகன்.

கேமின் உள்கோப்பு ஒன்றைத் திறந்தான். நம் கடிதம்போல் வெறும் எழுத்தும் எண்ணும்தான். யானையின் நடை வேகம் என்று ஓர் எண். பையன் அதைக் கூட்டினான். மறுபடி கேமைத் திறந்தார்கள். யானை, பெரட்டுக்குத் தாமதமானவன் ஓடுவதுபோல் ஓடியது! பையன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவனை நாற்காலியிலிருந்து எழுப்ப முடியவில்லை. வில்லின் பலம், வீட்டின் விலை, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தான்.

அந்த அம்மா தள்ளியே நின்றார். "எனக்கு இங்கிலீஷ் வராது தம்பி, நான் தொட்டா கெட்டுப் போகும்" என்றார். தங்கை மகன் பேசாமல் கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றி, மறுபடி திறந்தான். 'கோப்பு', 'திருத்து', 'சேமி' என்று வந்தது. எல்லாம் வரவில்லை, பாதி தமிழ், பாதி ஆங்கிலம். சில சொற்கள் எனக்கே புரியவில்லை. ஆனால் அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த குரலில், ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தார்.

இதெல்லாம் யாரோ தொண்டர்கள் தமிழில் எழுதி வைத்தது. கணினித் தமிழில் நம் நாடு பின்தங்கியதும் அல்ல. 1980-களிலேயே முத்து நெடுமாறன் கோலாலம்பூரில் முரசு எழுத்துருக்களை உருவாக்கத் தொடங்கினார். 2001-இல் தமிழ் இணைய மாநாடு இதே கோலாலம்பூரில் நடந்தது. 2004-இல் நம் அரசாங்கமே, அப்போது மாம்பு என்றழைக்கப்பட்ட இலாகா வழியாக, அரசு அலுவலகங்களுக்குத் திறந்த மூலத் திட்டம் போட்டது. கேரளப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் லினக்ஸில் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2011-இல் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. நம் வீடுகளில்தான், பாசார் மாலாமில் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று திருட்டு வட்டுகளை வாங்கி, கூடவே வைரஸையும் இலவசமாக வாங்கிப் பழகிவிட்டோம்.

புறப்படும்போது அந்த அம்மா ஒரு பையில் வடையைக் கட்டிக் கொடுத்து, "இதுக்கு யாருக்குப் பணம் கட்டணும் தம்பி?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பையன் இன்னும் சனிக்கிழமைகளில் நண்பன் வீட்டுக்குப் போய் வெலோரண்ட் விளையாடுகிறானாம். போகட்டும், பிள்ளைதானே!

இந்த வாரம் அந்த அம்மாவிடமிருந்து மறுபடி கடிதம் வந்தது. இம்முறை கணினியில் அடித்தது, ஐந்தே வரி. ணகரமும் னகரமும் இடம் மாறிக் கிடக்கின்றன. "நாணே அடித்தேண் அண்ணே" என்று முடித்திருக்கிறார்.